யூரியா கேட்காத கோதுமை சாத்தியமா? வேருக்கும் நுண்ணுயிருக்கும் நடுவே நடப்பது என்ன

2025-ல் அடுத்தடுத்து இரண்டு ஆய்வுச் செய்திகள் வந்தன. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது ஒன்று: ‘தனக்கு வேண்டிய உரத்தைத் தானே தயாரிக்கும் கோதுமை’. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது இன்னொன்று: ‘தானியப் பயிர்களும் இனிப் பயறு வகைகளைப் போலக் காற்றிலிருந்து தழைச்சத்து (நைட்ரஜன்) எடுக்கும் நாள் நெருங்குகிறது’. வாட்ஸப்பில் சுற்றுவதற்குள் இரண்டும் ஒன்றாகக் குழைந்து, ‘யூரியாவின் காலம் முடிந்தது’ என்று ஆகிவிட்டது.

இரண்டும் ஒரே விஷயம் இல்லை. ஒன்றில் கோதுமை உரம் தயாரிக்கவே இல்லை. மற்றொன்றில் தானியப் பயிர் இன்னும் ஒரு துளி நைட்ரஜனைக்கூடப் பிடிக்கவில்லை. ஆனாலும் இரண்டும் உண்மையான முன்னேற்றங்கள்தான். எந்த அர்த்தத்தில் முன்னேற்றம் என்பதைப் புரிந்துகொள்ள, ஜைல்ஸ் ஓல்ட்ராய்ட் என்ற பிரிட்டிஷ் தாவர மூலக்கூறு உயிரியலாளர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பின்தொடர்ந்து வரும் ஒரு கேள்வியின் வழியே போவது சுலபம். நார்விச்சின் ஜான் இன்னஸ் மையத்திலும் பிறகு கேம்பிரிட்ஜிலும் அவர் நடத்திய ஆய்வுகளின் மையக் கேள்வி இதுதான்: உளுந்துக்கும் துவரைக்கும் முடிவது, நெல்லுக்கும் கோதுமைக்கும் ஏன் முடியவில்லை?

## கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். பயிர் அதற்குள்ளேயே நின்றுகொண்டு தழைச்சத்துப் பற்றாக்குறையால் வெளுத்துப் போகிறது. காரணம், காற்றிலுள்ள நைட்ரஜன் இரண்டிரண்டு அணுக்களாக, மூன்று பிணைப்புகளால் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கிறது. அதை உடைத்து அம்மோனியாவாகவோ நைட்ரேட்டாகவோ மாற்றித் தந்தால்தான் வேருக்குப் பயன்படும்.

இன்றைய உரத் தொழிலுக்கான வழியை மனிதன் கண்டது 1909-ல். ஃபிரிட்ஸ் ஹேபர் ஆய்வகத்தில் செய்துகாட்டினார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்தார். 1913-ல் ஜெர்மனியின் ஓப்பாவில் உற்பத்தி தொடங்கியது. 400 டிகிரிக்கு மேல் வெப்பம், வளிமண்டலத்தைப் போல 150 மடங்குக்கும் அதிகமான அழுத்தம், இவற்றோடு ஹைட்ரஜனும் வேண்டும். அந்த ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அதனால்தான் எங்கோ போர் மூண்டு எரிவாயு விலை ஏறினால் உர விலையும் கூடவே ஏறுகிறது. இந்தியாவில் 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைப்பது மானியத்தால். உற்பத்திச் செலவு அதைவிடப் பல மடங்கு.

போட்ட யூரியா முழுவதும் பயிருக்குப் போகிறதா என்றால், அதுவும் இல்லை. நெல் வயலில் போடும் தழைச்சத்தில் பாதிக்கும் குறைவுதான் பயிருக்குள் போய்ச் சேர்கிறது. மீதி அம்மோனியாவாக ஆவியாகிறது, நைட்ரேட்டாக நிலத்தடி நீருக்கு இறங்குகிறது. ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் கலக்கிறது. நூறாண்டுக் கணக்கில் இந்த வாயு கார்பன் டை ஆக்சைடைப் போல 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கக்கூடியது.

இத்தனை வெப்பமும் அழுத்தமும் இல்லாமல், மண்ணின் சாதாரண வெப்பநிலையிலேயே சில பாக்டீரியாக்கள் இதே வேலையைச் செய்கின்றன. அவற்றிடம் இருக்கும் நொதியின் பெயர் நைட்ரஜனேஸ். அதற்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்க 16 ஏடிபி, அதாவது செல்லின் ஆற்றல் நாணயத்தில் 16 காசு, செலவாகிறது. அடுத்தது, ஆக்ஸிஜன் பட்டால் அந்த நொதி கெட்டுப்போகும். ஆற்றல் வேண்டுமானால் சுவாசிக்க வேண்டும், சுவாசிக்க ஆக்ஸிஜன் வேண்டும். ஆனால் ஆக்ஸிஜன் நொதியைத் தொடக் கூடாது.

பயறு வகைச் செடிகள் இந்தச் சிக்கலுக்குக் கண்ட தீர்வை யாரும் வயலிலேயே பார்க்கலாம். பூக்கும் பருவத்தில் ஒரு உளுந்துச் செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வேரிலிருக்கும் முடிச்சு ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, கறி நிறத்தில் இருக்கும். அது லெக்ஹீமோகுளோபின்; நம் இரத்தத்தில் ஓடும் ஹீமோகுளோபினின் உறவுக்காரப் புரதம். ஆக்ஸிஜனைப் பிடித்துவைத்து, பாக்டீரியா சுவாசிக்கத் தேவையான அளவு மட்டும் அளந்து விடுகிறது. உள்ளே சிவப்பாக இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை, அல்லது முடிந்துவிட்டது என்று பொருள். ஆய்வகம் தேவைப்படாத சோதனை இது.

## அழைப்பும் பதிலும்

இந்த முடிச்சுக்குள் குடியிருப்பது ரைசோபியம் வகை பாக்டீரியா. 1880-களில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இரு ஜெர்மன் ஆய்வாளர்கள் முடிச்சுக்கும் தழைச்சத்துக்கும் உள்ள தொடர்பை நிறுவினார்கள். 1888-ல் நெதர்லாந்தின் பெயரிங்க் அந்தப் பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். ஆனால் பாக்டீரியா வேருக்குள் நுழைய செடி ஏன் அனுமதிக்கிறது என்பது நூறாண்டுக் காலம் புதிராகவே இருந்தது. நோய்க் கிருமி வந்தால் விரட்டுவதற்கு வேரிடம் முழுக் காவல் இருக்கிறது. இந்த ஒரு ஆளை மட்டும் எப்படி உள்ளே விடுகிறது?

மூலக்கூறு உயிரியல் கண்டறிந்த வரிசை இது:

1. தழைச்சத்துக் குறைந்த செடி, வேர் வழியாக ஃபிளேவனாய்டு என்ற வேதிப்பொருளை மண்ணில் கசியவிடுகிறது.

2. அதை உணர்ந்த ரைசோபியம் பதிலுக்கு ஒரு மூலக்கூறு தயாரிக்கிறது. பூஞ்சையின் செல்சுவரில் இருக்கும் கைட்டினின் சின்னத் துண்டு ஒன்றில் கொழுப்பு வால் ஒட்டியது போன்ற அமைப்பு. இதற்கு நாட் காரணி என்று பெயர். இதன் அமைப்பை 1990-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

3. வேர்த்தூவியின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிப் புரதங்கள் நாட் காரணியைப் பிடிக்கின்றன. இவற்றை 2003-ல் அடையாளம் கண்டது இதே ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் யென்ஸ் ஸ்டோகார்டின் குழு.

4. உடனே செல்லின் உட்கருவைச் சுற்றிக் கால்சியம் ஏறி இறங்கத் தொடங்குகிறது. ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, ஒழுங்காக, மணிக்கணக்கில். ஒளிரும் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் வேர்த்தூவிக்குள் ஒரு புள்ளி மின்னி மின்னி அணைவது தெரியும். 1996-ல் இதை முதலில் பதிவு செய்தது ஸ்டான்ஃபோர்டில் ஷாரன் லாங்கின் ஆய்வகம். ஓல்ட்ராய்ட் முனைவர் பட்டத்துக்குப் பின் பயிற்சி பெற்றதும் அங்கேதான்.

5. இந்தக் கால்சியத் துடிப்பை ‘படிக்கும்’ ஒரு புரதம் உட்கருவில் இருக்கிறது. அது மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. வேர்த்தூவி சுருண்டு பாக்டீரியாவைப் பிடிக்கிறது, உள்ளே ஒரு குழாய் அமைகிறது, அடியில் இருக்கும் செல்கள் பிரிந்து முடிச்சாகின்றன.

ஐந்தாவது படியில் ஒரு சோதனையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2006-ல் ஓல்ட்ராய்டின் குழுவும் ஸ்டோகார்டின் குழுவும் தனித்தனியே அந்தக் கால்சியம் படிக்கும் புரதத்தை எப்போதும் ‘ஆன்’ நிலையிலேயே இருக்கும்படி மாற்றினார்கள். பாக்டீரியா ஒன்றுகூட இல்லாத தூய்மையான சூழலில் செடியை வளர்த்தார்கள். வேரில் முடிச்சுகள் வந்தன. உள்ளே யாருமில்லாத காலி முடிச்சுகள். முடிச்சைக் கட்டுவதற்கான முழுத் திட்டமும் செடியிடமே இருக்கிறது, பாக்டீரியா வெறும் அழைப்பு மணி அடிக்கிறது என்பது அதில் தெளிவானது.

## பூஞ்சைதான் மூத்த சம்பந்தம்

அப்புறம் வந்தது நெல்லையும் கோதுமையையும் இந்தக் கதைக்குள் இழுத்த கண்டுபிடிப்பு. முடிச்சுப் போடாத பயறுச் செடிகளின் திரிபுகளை ஆராய்ந்தபோது, அவற்றில் பல இன்னொன்றையும் இழந்திருந்தன: வேர்ப்பூஞ்சையோடு சேரும் திறன். நம் விவசாயிகள் ‘வேம்’ (VAM) என்ற பெயரில் வாங்கும் அதே பூஞ்சைக் கூட்டம்தான் இது. அதாவது பாக்டீரியாவை வரவேற்கவும் பூஞ்சையை வரவேற்கவும் செடி ஒரே சமிக்ஞைப் பாதையைப் பயன்படுத்துகிறது.

இதில் எது மூத்தது என்பதில் குழப்பமில்லை. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊர்ப் பாறைகளில், 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஆதித் தாவரங்களின் செல்லுக்குள்ளேயே இந்தப் பூஞ்சையின் கிளைத்த உறுப்புகள் படிவமாகக் கிடைத்திருக்கின்றன. அந்தத் தாவரங்களுக்கு அப்போது சரியான வேர்கூட இல்லை. முடிச்சு போடும் பழக்கம் வந்தது அதற்கு ரொம்பப் பின்னால். பயறு வகைகளின் மூதாதைகள் புதிதாக ஒரு பாதையை உருவாக்கவில்லை. பூஞ்சைக்காக இருந்த பழைய பாதையில் பாக்டீரியாவையும் அழைத்துக்கொண்டன.

நிலத் தாவரங்களில் பெரும்பாலானவை இன்னும் பூஞ்சையோடு சேர்ந்துதான் வாழ்கின்றன. நெல், கோதுமை, மக்காச்சோளம், பார்லி எல்லாமே அதில் அடக்கம். அப்படியானால் நான்காவது, ஐந்தாவது படிகளுக்கான கருவிகள் நெல்லிடம் ஏற்கெனவே இருக்க வேண்டும். இருக்கின்றன. கால்சியம் படிக்கும் புரதத்தின் மரபணு கெட்டுப்போன பயறு வகைச் செடி ஒன்றில் நெல்லின் மரபணுவை வைத்துப் பார்த்தார்கள். முடிச்சு உருவாவது மறுபடி தொடங்கியது.

‘தானியப் பயிருக்குப் பயறின் குணத்தைக் கொடுப்பது’ என்று செய்திகள் சொல்வதில் இருக்கும் பிழை இங்கேதான். முக்கால்வாசிக் குணம் அங்கேயே இருக்கிறது. இல்லாதது, சரியான ஆளை அடையாளம் காணும் முன்வாசலும், பாதையின் கடைசியில் முடிச்சுக் கட்டும் வேலையைத் தொடங்கிவைக்கும் சாவியும். அந்தச் சாவிக்கு ‘நின்’ மரபணு என்று பெயர், 1999-ல் கண்டறியப்பட்டது. 2018-ல் பல தாவரங்களின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வில், முடிச்சு போடும் கூட்டத்திலிருந்து விலகிப்போன செடிகள் பல இந்த மரபணுவைத்தான் தனித்தனியே இழந்திருந்தன.

பூஞ்சை செடிக்குத் தருவது முக்கியமாக மணிச்சத்து (பாஸ்பரஸ்). யூரியா மண்ணில் நகர்வதைப் போல மணிச்சத்து நகராது. வேரைச் சுற்றி ஒரு சில மில்லிமீட்டர் வட்டத்தில் இருப்பதை வேர் உறிஞ்சிய பிறகு, அடுத்த விரற்கடையில் இருப்பதும் கைக்கு எட்டாது. பூஞ்சையின் இழைகள் அந்த வட்டத்தைத் தாண்டிப் போய் எடுத்துவருகின்றன. பதிலுக்குச் செடி சர்க்கரை தருகிறது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2017-ல் ஓல்ட்ராய்டின் குழுவும், அதே நேரத்தில் ஒரு சீனக் குழுவும், செடி கொழுப்பையும் ஊட்டுகிறது என்று நிறுவின. இந்தப் பூஞ்சையால் தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரிக்க முடியாது. செடி கைவிட்டால் அதற்குப் பிழைப்பே இல்லை.

பூஞ்சையை அழைக்க வேர் விடும் சமிக்ஞைக்கு ஸ்ட்ரைகோலாக்டோன் என்று பெயர். 2005-ல் ஜப்பானியர்கள் இதன் பங்கைக் கண்டறிந்தார்கள். ஆனால் பெயர் வந்தது பூஞ்சையால் அல்ல, களையால். சோளத்தின் வேரில் ஒட்டிச் சாறு உறிஞ்சும் சுடுமல்லியின் இனப்பெயர் ஸ்ட்ரைகா. நண்பனுக்கு அனுப்பும் செய்தியை அந்தத் திருடனும் ஒட்டுக்கேட்டு, சரியான நேரம் பார்த்து முளைக்கிறது. நுண்ணுயிரை அதிகம் அழைக்கும் பயிரை உருவாக்குபவர்கள் மறக்கக் கூடாத விஷயம் இது.

## வயிறு நிறைந்த வேர் கதவைத் திறக்காது

இந்த ஆய்வு வரிசையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது செய்தித் தலைப்புகளுக்கே வராத ஒரு பகுதி. செடி இந்த உறவை இலவசமாக வைத்துக்கொள்ளவில்லை. தான் தயாரிக்கும் கார்பனில் கணிசமான பங்கைப் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் அளக்கிறது. எனவே மண்ணில் சத்து தாராளமாக இருந்தால், செடி கணக்குப் பார்த்துக் கதவைச் சாத்திவிடுகிறது.

தமிழ்நாட்டு உரப் பரிந்துரையிலேயே இது எழுதியிருக்கிறது. நாம்தான் அப்படிப் படிப்பதில்லை. இறவை உளுந்துக்கு எக்டருக்கு 25 கிலோ தழைச்சத்து, 50 கிலோ மணிச்சத்து. நெல்லுக்கு 150 கிலோ தழைச்சத்து, 50 கிலோ மணிச்சத்து. நெல்லுக்கான அளவு யூரியாவாகப் போட்டால் ஏக்கருக்குச் சுமார் 3 மூட்டை. உளுந்துக்கு அந்த 25 கிலோ, முடிச்சு உருவாகும் வரை செடி தாக்குப்பிடிக்க. ‘பயிர் இன்னும் பச்சையாக வரட்டும்’ என்று கூடுதலாக யூரியா தெளித்தால் இலை பச்சையாகத்தான் வரும், வேரில் முடிச்சு குறையும். காற்றிலிருந்து இலவசமாக வர வேண்டியதைக் காசு கொடுத்து நிறுத்திவைப்பதுதான் மிச்சம்.

மணிச்சத்திலும் இதே கதை. செல்லுக்குள் மணிச்சத்துப் பஞ்சத்தை உணரும் புரதங்கள் இருக்கின்றன. பூஞ்சையை வரவேற்கும் மரபணுக்களை அவைதான் இயக்குகின்றன என்று 2021-ல் நெல்லில் காட்டினார்கள். அடுத்த ஆண்டு ஓல்ட்ராய்டின் குழு, என்எஸ்பி1, என்எஸ்பி2 என்ற இரண்டு கட்டுப்பாட்டு மரபணுக்கள் வழியாகத்தான் சத்துப் பஞ்சத்தின் செய்தி வேரின் ‘காது’க்குப் போகிறது என்று விளக்கியது. பஞ்சம் இருந்தால் ஏற்பிகள் கூடுகின்றன, நுண்ணுயிரின் குரல் கேட்கிறது. பஞ்சம் இல்லையென்றால் கேட்பதில்லை.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். அடியுரமாக, மணிச்சத்து நிறைந்த டிஏபி உரத்தைக் கொட்டிய வயலில், அதே நாளில் வேம் பூஞ்சையையும் கொட்டினால் என்ன ஆகும்? பூஞ்சை தரமானதாகவே இருக்கலாம். பயிர் அதைக் கண்டுகொள்ளாது. ‘உயிர் உரம் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை’ என்ற புகாரில் ஒரு பங்குக்குக் காரணம் பொட்டலத்தில் இல்லை, ஏற்கெனவே நிறைந்திருக்கும் மண்ணில் இருக்கிறது.

அப்படியானால் பஞ்சம் இல்லாதபோதும் கதவு திறந்திருக்கும்படி செய்யலாமா? கேம்பிரிட்ஜில் 2022-ல் தொடங்கிய வயல் சோதனை இதைத்தான் கேட்டது. என்எஸ்பி1 அதிகமாக இயங்கும்படி மரபணு மாற்றிய பார்லி ஒரு பக்கம். பூஞ்சையோடு சேர முடியாதபடி மரபணுத் திருத்தம் செய்த பார்லி ஒப்பீட்டுக்கு மறுபக்கம். முடிச்சு, நைட்ரஜன் பற்றிய பேச்சே இதில் இல்லை. பூஞ்சை, மணிச்சத்து, அவ்வளவுதான். பரபரப்பு இல்லாத சோதனைதான். ஆனால் விவசாயியின் வயலுக்கு முதலில் வந்து சேரக்கூடியது இந்த வழியில் வருவதாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. ஏனென்றால் இங்கே பயிருக்குப் புதிதாக எதையும் கற்றுத்தர வேண்டியதில்லை, மறந்ததை நினைவூட்டினால் போதும்.

## 2025-ன் இரண்டு செய்திகள் சொன்னது என்ன

ஆர்ஹூஸ். பூஞ்சை, பாக்டீரியா எதுவாக இருந்தாலும் அனுப்பும் சமிக்ஞை கைட்டின் வம்சத்து மூலக்கூறுதான். நோய்ப்பூஞ்சையின் கைட்டினைக் கண்டால் காவல் ஏற்பி எதிர்ப்பைக் கிளப்புகிறது. நாட் காரணியைக் கண்டால் வரவேற்பு ஏற்பி கதவைத் திறக்கிறது. இரண்டு ஏற்பிகளும் பார்ப்பதற்கு அண்ணன் தம்பி மாதிரி. இவற்றைப் பிரிப்பது எது என்று தேடிய குழு, ஏற்பியின் உட்பகுதியில் ஒரு சிறிய இடத்தைக் கண்டுபிடித்தது. அங்கே இரண்டே இரண்டு அமினோ அமிலங்களை மாற்றியதும், பயறு வகைச் செடியின் காவல் ஏற்பி வரவேற்பு ஏற்பியாக வேலை செய்தது. பார்லியின் ஏற்பி ஒன்றிலும் அதே மாற்றம் பலித்தது.

முன்வாசல் பிரச்சினையில் இது பெரிய திறப்பு. ஆனால் பலித்தது பார்லிச் செடியில் இல்லை. பார்லியின் அந்த ஏற்பியைப் பயறு வகைச் செடிக்குள் வைத்துத்தான் சோதித்தார்கள். பார்லியின் வேரில் முடிச்சு வர இன்னும் பல படிகள் பாக்கி. கேம்பிரிட்ஜ், ஆர்ஹூஸ் உள்ளிட்ட குழுக்கள் சேர்ந்து நடத்தும் திட்டத்துக்கு என்சா என்று பெயர். கேட்ஸ் அறக்கட்டளை 2012-ல் இதற்கு நிதி கொடுக்கத் தொடங்கியது. 2023-ல் அதே வட்டத்திலிருந்து இன்னும் 3.5 கோடி டாலர் வந்தது. பத்தாண்டுக்கு மேல் பணமும் ஆளும் போட்டும் இன்னும் முன்வாசலில்தான் நிற்கிறோம் என்பதைச் சோர்வாகப் பார்க்க வேண்டியதில்லை. எத்தனை படி என்பது இப்போது தெரிகிறது.

டேவிஸ். எட்வர்டோ பிளம்வால்டின் குழு முடிச்சு என்ற பேச்சையே ஒதுக்கிவைத்தது. மண்ணில் தனியே வாழும் நைட்ரஜன் பிடிக்கும் பாக்டீரியாக்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆக்ஸிஜன் தொல்லையால் அவை முழுமையாக வேலை செய்ய முடிவதில்லை. அவற்றைக் கூட்டமாக ஒட்டி, பசை போன்ற உறைக்குள் வாழவைத்தால் ஆக்ஸிஜன் உள்ளே புகாது. எந்த வேதிப்பொருள் அப்படி உறை கட்டத் தூண்டுகிறது என்று ஆயிரக்கணக்கான பொருள்களைச் சலித்துப் பார்த்து, செடிகளிலேயே இருக்கும் அபிஜெனின் என்ற ஃபிளேவனாய்டைத் தேர்ந்தெடுத்தார்கள். மரபணுத் திருத்தத்தால் அதைக் கூடுதலாகச் சுரக்கும் நெல்லை 2022-ல் வெளியிட்டார்கள், 2025-ல் கோதுமை. உரம் குறைத்த நிலையில் இந்தக் கோதுமை மற்றதைவிட நன்றாக விளைந்தது.

ஆக ‘தானே உரம் தயாரிக்கும் கோதுமை’ என்பது தவறு. கோதுமை கூலி கொடுக்கிறது, மண்ணின் பாக்டீரியா வேலை செய்கிறது. தலைப்பு எழுதியவருக்கு இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். விவசாயிக்கு அப்படியில்லை: மண்ணில் அந்தப் பாக்டீரியா இல்லாவிட்டால் இந்தக் கோதுமையால் பயனில்லை.

மனிதன் யோசிப்பதற்கு முன்பே இந்த வழியில் போன ஒரு பயிரும் உண்டு. மெக்சிகோவின் ஓஹாக்கா மாநிலத்தில், சியர்ரா மிஹே மலைப்பகுதியில் மிஹே பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகப் பயிரிடும் மக்காச்சோளம் அது. ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வளரும். தண்டின் கணுக்களிலிருந்து விரல் தடிமனில், கையை நீட்டியது போல வேர்கள் காற்றிலேயே தொங்கும். மழைக்குப் பின் அந்த வேர்களின் நுனியிலிருந்து கண்ணாடி போன்ற, சர்க்கரை நிறைந்த கூழ் சொட்டும். அந்தக் கூழுக்குள்தான் நைட்ரஜன் பிடிக்கும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. ஐந்தாண்டு வயல் ஆய்வுக்குப் பின் 2018-ல் வெளியான முடிவின்படி, அந்தச் சோளம் தன் தழைச்சத்தில் 29 முதல் 82 சதவீதம் வரை காற்றிலிருந்து பெறுகிறது. உரமே காணாத மலை நிலத்தில் அந்த மக்கள் விதை பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த குணம். விதையின் உரிமையும் பலனும் யாருக்கு என்ற கேள்வி அந்த ஆய்வோடு சேர்ந்தே எழுந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் ஒன்று: இந்தச் சோளம் விளைய மாதக்கணக்கில் கூடுதல் காலம் எடுக்கிறது, ஈரமான மலைக்காற்றும் கேட்கிறது. குணத்தை மட்டும் பிரித்து வேறு ரகத்துக்குக் கொண்டுபோவது தனி வேலை.

மூன்றாவது வழி, நுண்ணுயிரின் மரபணுக்களையே பயிருக்குள் வைப்பது. 1972-லேயே ரே டிக்சனும் ஜான் போஸ்ட்கேட்டும் நைட்ரஜன் பிடிக்கும் மரபணுக்களை ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் காட்டினார்கள். அடுத்து கோதுமைதான் என்ற நம்பிக்கை அன்றே பிறந்தது. அரை நூற்றாண்டு ஆகிறது. ஆக்ஸிஜன் வெளிவிடும் செல்லுக்குள், ஆக்ஸிஜன் பட்டால் சாகும் நொதியை, அதன் இத்தனை உதிரிப் புரதங்களோடும் சேர்த்துப் பொருத்துவது லேசில்லை. செல்லில் ஆக்ஸிஜனைச் செலவழித்து ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற பகுதிக்குள் வைத்தால் முடியுமா என்று இப்போது முயல்கிறார்கள்.

## யாருடைய வயலுக்கு, எந்தச் சட்டத்தில்

இந்த ஆய்வுகள் சிறு விவசாயிகளை, அதிலும் குறிப்பாக ஆப்பிரிக்க விவசாயிகளை, முன்வைப்பதற்குக் காரணம் கணக்குதான். சகாராவுக்குத் தெற்கே ஒரு எக்டருக்குப் போடும் உரம் சராசரியாகச் சுமார் 20 கிலோ. அங்கே காற்றிலிருந்து 25, 30 கிலோ தழைச்சத்து கூடுதலாகக் கிடைத்தாலே விளைச்சலில் பெரிய மாற்றம் தெரியும். 150 கிலோ போட்டுப் பழகிய வயலில் அதே 30 கிலோ ஒரு மேலுரத்தை மிச்சம் பிடிக்கும். அதுவும் நல்லதுதான். ஆனால் அதற்கு ‘யூரியாவின் காலம் முடிந்தது’ என்று பெயரில்லை.

உரத்துக்குப் பழகிய ரகங்களிடமிருந்து உரத்தைத் திடீரெனப் பறித்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை சாட்சி. 2021 ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதியை அரசு தடை செய்தது. நெல் விளைச்சலும் தேயிலையும் அடிவாங்கி, நவம்பரில் தடையை விலக்க வேண்டியதாயிற்று. நுண்ணுயிர் உறவு ஒரு பருவத்தில் உருவாகிவிடாது. அதை வரவேற்கும் ரகங்களும் கையில் இருக்கவில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை இந்த வழிகள் ஒரே வரிசையில் நிற்கவில்லை. பயிரின் சொந்த மரபணுவில் சிறு திருத்தம் மட்டும் செய்து, வெளி மரபணு எதுவும் மிஞ்சாத பயிர்களுக்கு மரபணு மாற்றப் பயிர்களுக்கான கடுமையான விதிகளிலிருந்து இந்தியா 2022-ல் விலக்கு அளித்தது. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட இரண்டு மரபணுத் திருத்த நெல் ரகங்கள் அந்த வாசல் வழியாக வந்தவை. அபிஜெனின் கோதுமை போன்ற ஒன்று இங்கே உருவானால் அதற்கும் அந்த வாசல் பொருந்தலாம். ‘நின்’ போன்ற மரபணுவைப் பயறிலிருந்து தானியத்துக்குக் கொண்டுவந்தால் அது மரபணு மாற்றம், பூச்சியை எதிர்க்க மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காய், 2010-ல் நிறுத்திவைக்கப்பட்டு மாட்டிக்கொண்ட அதே வரிசையில் போய் நிற்கும்.

நெல்லுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கலும் உண்டு. தண்ணீர் கட்டிய வயலில் வேர்ப்பூஞ்சை அவ்வளவாகத் தழைப்பதில்லை. பார்லி வயலில் பலிப்பது தஞ்சாவூர் நடவு வயலில் அப்படியே பலிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மானாவாரி நெல், நேரடி விதைப்பு, சோளம், கம்பு, மக்காச்சோளம் ஆகியவற்றுக்கு வாய்ப்பு அதிகம். தேங்கிய நீருக்கு அசோலா என்ற மிதக்கும் சிறு செடி இருக்கிறது. அதன் இலைக் குழிக்குள்ளும் நைட்ரஜன் பிடிக்கும் நுண்ணுயிர்தான் குடியிருக்கிறது.

## இப்போது கையில் இருப்பது

ஆய்வகத்தில் நடப்பது வயலுக்கு வரும் வரை, ஏற்கெனவே விற்கும் ரைசோபியம் பொட்டலத்தைச் சரியாகப் பயன்படுத்தவும் இதே அறிவியல் உதவும். மூன்று விஷயங்கள்:

1. நாட் காரணியும் ஏற்பியும் பூட்டும் சாவியும் போல. கொண்டைக்கடலைக்கு உரிய ரைசோபியம் வேறு, உளுந்துக்கு உரியது வேறு. பொட்டலத்தின் மேல் பயிரின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

2. உள்ளே இருப்பது உயிர். ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் தடவி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைக்கச் சொல்வது அதனால்தான். பூஞ்சைக்கொல்லி விதை நேர்த்தி செய்வதாக இருந்தால் அதை முதலில் முடித்து, குறைந்தது ஒரு நாள் விட்டு ரைசோபியம் தடவ வேண்டும். காலாவதித் தேதி தாண்டிய பொட்டலத்தில் மிஞ்சியிருப்பது கரித்தூள் மட்டுமே.

3. நெல் தரிசில் உளுந்து விதைப்பவர்கள் முந்தைய நெல்லுக்குப் போட்ட உரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். விதைத்த முப்பதாம் நாள் வாக்கில் நாலைந்து செடிகளைப் பிடுங்காமல் தோண்டி எடுத்துப் பாருங்கள். பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். முடிச்சு நிறைய, உள்ளே சிவப்பு என்றால் தழைச்சத்துக்காக எதுவும் செய்ய வேண்டாம். முடிச்சே இல்லையென்றால், அடுத்த முறை யூரியாவைக் கூட்டுவதற்கு முன் மண் பரிசோதனைச் சீட்டையும் விதை நேர்த்தி செய்த விதத்தையும் பாருங்கள்.